சாயம் வெளுத்துவிடும் என்ற பயமும் ஒரு 555 புத்தகமும்

தங்கச்சி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேராக்கில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப் பள்ளிக்கு முன்னால் மலாய் படிக்கிற புகுமுக வகுப்பில் ஒரு வருடம், அப்புறம் இடைநிலைப் பள்ளி, அரசாங்கப் பல்கலைக்கழகம், இப்போது கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் டேட்டா வேலை. ஏழு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் டீம் லீட் ஆக்கி ஆறு பேரைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ஒரு ஸ்லைடை ராத்திரி ஒரு மணி வரை பத்து தடவை சரிபார்க்கிறாய், மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. "ஆள் தெரியாமல் கொடுத்துவிட்டார்கள் அண்ணா, என்றைக்காவது என் சாயம் வெளுத்துவிடும். இது வியாதியா, எப்படிப் போக்குவது?" என்று கேட்டிருக்கிறாய்.

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலைகளில் இருபத்து மூன்று வருடமாக இன்ஜினியர். மனநல மருத்துவன் இல்லை. ஆனால் இதே பயத்தோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவன், அப்புறம் எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகள் நிறையப் பேரிடம் இதைப் பார்த்தவன், அதனாலேயே கொஞ்சம் தேடிப் படித்தவன். அந்த அளவில் எடுத்துக்கொள்.

தகுதி இல்லாமல் வந்துவிட்டோம், என்றைக்காவது மாட்டிக்கொள்வோம் என்கிற இந்தப் பயத்தை இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். முதலில் வியாதியா என்ற கேள்வி. இல்லை. மனநல மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்த வைத்திருக்கும் டிஎஸ்எம் பட்டியலிலும் இது கிடையாது, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி பட்டியலிலும் கிடையாது. 'சிண்ட்ரோம்' என்ற பெயர் பின்னால் ஊர் வைத்தது. 1978-ல் இதைப் பற்றி முதலில் எழுதிய போலின் கிளான்ஸும் சூசன் ஐம்ஸும் அமெரிக்காவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர்கள். அவர்கள் இதை ஒரு நோயாகச் சொல்லவில்லை, மனிதர்களுக்கு நேர்கிற ஓர் அனுபவமாகத்தான் சொன்னார்கள். படிப்பிலும் வேலையிலும் நன்றாக வந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசிப் பார்த்து எழுதியது அது. பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் கையில் இருந்தும் "எல்லோரையும் எப்படியோ ஏமாற்றிவிட்டேன்" என்று அந்தப் பெண்கள் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கிளான்ஸே மாணவியாக இருந்த காலத்தில் ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் இந்தத் தடவை நிச்சயம் கோட்டைவிட்டேன் என்று புலம்பியவர்தானாம்.

ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. எங்கள் ஃபேக்டரியில் ஆண்கள் இதைப் பயம் என்று சொல்ல மாட்டார்கள், கேஸ்ட்ரிக் என்பார்கள். எத்தனை பேருக்கு இருக்கிறது என்று இணையத்தில் ஒரே ஒரு சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள், அதை நம்பாதே. 2020-ல் 62 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 14,000-க்கும் அதிகமான ஆட்கள். அதில் கிடைத்த கணக்கு 9 சதவீதத்திலிருந்து 82 சதவீதம் வரை. எந்தக் கேள்வித்தாளை வைத்துக் கேட்டார்கள், எங்கே கோடு கிழித்தார்கள் என்பதைப் பொறுத்து இப்படி மாறுகிறது. அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது: இதற்கென்று ஒரு சிகிச்சையைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே "இருபத்தொரு நாளில் இம்போஸ்டர் சிண்ட்ரோமை விரட்டுங்கள்" என்று யாராவது 499 ரிங்கிட்டுக்கு வகுப்பு நடத்தினால் அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடு. நான் கீழே சொல்வதும் அனுபவம்தான், மருந்து இல்லை.

இந்தப் பயம் எப்படித் தன்னைத்தானே தீனி போட்டு வளர்த்துக்கொள்கிறது என்று கிளான்ஸ் ஒரு சுற்று சொல்கிறார். உன் ஸ்லைடையே எடுத்துக்கொள். வேலை வந்ததும் வயிறு கலங்குகிறது. ஒன்று தேவைக்கு மூன்று மடங்கு உழைக்கிறாய், இல்லையென்றால் கடைசி வரை தள்ளிப்போட்டுவிட்டு விழுந்தடித்து முடிக்கிறாய். வேலை நன்றாக முடிகிறது. பாஸ் நன்றாக இருக்கிறது என்கிறார். மூன்று மடங்கு உழைத்தவளுக்கு "ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்ததால்தான் தப்பித்தேன், மற்றவர்களுக்கு இது அரை மணி நேர வேலை" என்று தோன்றும். தள்ளிப்போட்டவளுக்கு "குருட்டு அதிர்ஷ்டம்" என்று தோன்றும். எப்படிப் பார்த்தாலும் வரவு உன் பேரில் ஏறுவதே இல்லை. தப்பு நடந்தால் மட்டும் உடனே உன் பேரில் செலவு எழுதிவிடுகிறாய். ஏழு வருடமாக இப்படிக் கணக்கு எழுதினால் எந்தக் கடையும் திவாலாகத்தான் தெரியும்.

இதில் நம் வளர்ப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நான் இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதுகிற எஸ்பிஎம் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியபோது பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பாராட்டினார். என் அம்மா என்னைப் பேசவே விடவில்லை. "எல்லாம் சாமி புண்ணியம், இவன் எங்க படிச்சான், எப்பப் பார்த்தாலும் பந்துதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சாயந்திரம் உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப்போட்டார். கண் பட்டுவிடக் கூடாது. நான் பந்து விளையாடியது உண்மை, ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்ததும் உண்மை, அம்மாதான் எனக்குக் கோப்பி கலந்து கொடுத்தார். ஊருக்கு முன்னால் அதைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அது ஒரு மரியாதை, ஒரு தற்காப்பு. அம்மாவுக்கு அது வெளியே சொல்கிற பேச்சு என்று தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை அதை அப்படியே நம்பிவிடுகிறது. இருபது வருடம் கழித்து ஆபீஸில் யாராவது நல்ல வேலை என்றால் வாய் தானாக "இல்ல இல்ல, டீம்தான் செஞ்சாங்க, நான் சும்மா" என்கிறது. வாய் சொல்லிவிட்டுப் போகட்டும், மனசும் கூடச் சேர்ந்து தலையாட்டுகிறதே, அங்கேதான் இடிக்கிறது.

சரி, இப்போது என் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள், நான் சொல்ல வந்தது இதற்குள்தான் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். தைப்பூசத்துக்கு முந்தின நாள், வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போய்ச் சேருகிற ராத்திரி. பினாங்கில் ஊரே ரோட்டில் இருக்கும், ஃபேக்டரி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ரதத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தவனுக்கு லைன் நிற்கிறது என்று போன். வயர் பாண்டிங் என்பது சிப்பின் மேலே இருக்கிற துளியூண்டு பேடுகளில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுகிற வேலை. மெஷின் விநாடிக்குப் பல கம்பி ஒட்டும். கம்பி பேடில் பிடிக்கவில்லை என்றால் அலாரம் அடித்து நின்றுவிடும். அன்றைக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிற்கிறது. நான் போய் அழுத்தத்தைக் கூட்டினேன், அல்ட்ராசோனிக் பவரைக் கூட்டினேன், குறைத்தேன், கம்பியைப் பிடிக்கிற கேப்பிலரியை மாற்றினேன், சூட்டை மாற்றினேன். மூன்று மணி நேரம். சட்டை நனைந்துவிட்டது, ஏர்கோன் போட்ட அறைக்குள்.

அந்த மெஷினில் ஒரு மலாய்க்கார அக்கா இருந்தார், அப்போதே இருபது வருட அனுபவம். கையைக் கட்டிக்கொண்டு நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விடியற்காலை இரண்டு மணிவாக்கில் மெதுவாக மலாயில் கேட்டார், "தம்பி, எல்லாப் பெட்டியிலும் நிற்கவில்லையே, இந்த ரேக்கில் இருக்கிற பெட்டி போட்டால் மட்டும்தானே நிற்கிறது?" போய்ப் பார்த்தால் அந்த ரேக்கில் இருந்த சிப் பெட்டிகள் எல்லாம் பிளாஸ்மா என்கிற மின்னேற்றிய வாயுவை வைத்துச் சுத்தம் செய்த பிறகு விடுமுறைக்கு ஆள் குறைவாக இருந்ததால் வெளியிலேயே கிடந்திருக்கின்றன. சுத்தம் செய்தால் இத்தனை மணி நேரத்துக்குள் கம்பி ஒட்டிவிட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, தாண்டினால் பேடில் மறுபடியும் அழுக்குப் படியும், கம்பி பிடிக்காது. கேபினெட்டுக்குள் இருந்த பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியில் கிடந்ததை மறுபடியும் சுத்தம் செய்து போட்டோம், மெஷின் ஒழுங்காக ஓடியது.

அடுத்த வாரம் நான் ரிப்போர்ட் எழுதினேன். காரணம், சோதனை, படம், வரைபடம், இனி பெட்டி வெளியே கிடக்காமல் இருக்க பார்கோடு வைத்து நேரத்தைப் பூட்டும் ஏற்பாடு, எல்லாம் பக்காவாக. தலைமையகத்திலிருந்து வந்திருந்தவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். ரிப்போர்ட்டில் அந்த அக்காவின் பெயர் இல்லை.

அப்புறம் ஒன்றரை வருடம் எனக்கு நரகம். யார் பாராட்டினாலும் அந்த ராத்திரி ஞாபகம் வரும். நான் இன்ஜினியரே இல்லை, ஓர் ஆப்பரேட்டர் சொன்னதைத் திருடிப் பேர் வாங்கியவன், அடுத்த தடவை அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வேன். லைனில் அவர் இருக்கிற பக்கமே போக மாட்டேன், சுற்றிக்கொண்டு போவேன்.

நீ தோட்டத்தில் வளர்ந்தவள், உனக்கு 555 புத்தகம் தெரிந்திருக்கும். உள்ளங்கை அளவில் இருக்கும், மளிகைக்கடையில் கடன் எழுதுகிற சின்ன நோட்டு. என் அப்பா லோரி ஓட்டியவர், எங்கள் வீட்டுக் கணக்கும் கடையில் அப்படி ஒன்றில்தான் இருந்தது. அரிசி இவ்வளவு, மீன் டின் இரண்டு, சர்க்கரை. சம்பளத்தன்று அப்பா போவார், கடைக்காரர் கூட்டிச் சொல்வார், கொடுப்பார், பேனாவால் ஒரு கோடு. அந்தக் கடையில் கடன் இருந்தும் அப்பா ஒரு நாள்கூடத் தலையைக் குனிந்து நின்று நான் பார்த்ததில்லை. கணக்கு எழுதியிருக்கிறது, எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியும், அடைக்கத்தான் போகிறார். அப்புறம் என்ன வெட்கம்? ஆனால் மாமாவிடம் எப்போதோ வாங்கி, எவ்வளவு என்று யாருமே எழுதி வைக்காத ஒரு கடன் இருந்தது. அந்த மாமா வீட்டு விசேஷம் என்றால் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

எனக்கு அந்த ஒன்றரை வருடமும் அந்த மாமா கடன்தான். எவ்வளவு என்று தெரியாததால் முழுசும் கடனாகத் தெரிந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு 555 நோட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து அந்த ராத்திரியை மட்டும் எழுதினேன். இடதுபக்கம் நான் பட்ட கடன்: ரேக்கைப் பார் என்று சொன்னது அக்கா. பிளாஸ்மா நேரக் கணக்கு எனக்குத் தெரிந்தது, முன்பு இருந்த சீனியர் சொல்லிக்கொடுத்தது. வலதுபக்கம் நான் செய்தது: ரேக்குக்கும் பிளாஸ்மாவுக்கும் முடிச்சுப் போட்டது நான். அதை நம்பாமல் பெட்டி பெட்டியாகச் சோதித்து உறுதி செய்தது நான். பார்கோடு பூட்டு நான். பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தது. திருடன் இல்லை, ஆனால் ஒரு வரி நிஜமாகவே கடன். அதை அடைக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? அடுத்த மாத மீட்டிங்கில் அதே பார்கோடு ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது, முதலில் கவனித்தது இவர் என்று பெயரைச் சொன்னேன், ரிப்போர்ட்டைத் திருத்திப் பெயரைச் சேர்த்தேன். மொத்தம் பத்து நிமிடம்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன். இம்போஸ்டர் உணர்வு முழுக்கப் பொய், தூக்கிப் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். தூக்கிப் போட வராது, ஏனென்றால் அதற்குள் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. யாரோ உதவியிருப்பார்கள், ஏதோ ஒன்று நமக்கு நிஜமாகவே தெரியாமல் இருக்கும். அந்தக் கொஞ்சத்தைத் தனியாகப் பிரித்து எழுதி அடைத்துவிட்டால், மிச்சம் இருக்கிற பொய்க் கடனை அடிக்கக் கை நடுங்காது.

உன் கணக்கை எடுப்போம். ஏழு வருடம் டேட்டா பார்த்தாய். உன்னை லீட் ஆக்கியது அந்த வேலைக்காக. ஆனால் லீட் செய்கிற வேலை வேறு: பிரித்துக் கொடுப்பது, செய்யாதவனிடம் கேட்பது, மேலே இருப்பவரிடம் முடியாது என்று சொல்வது, பட்ஜெட். இதில் உனக்கு மூன்று மாத அனுபவம்தான். மூன்று மாதம் லோரி ஓட்டியவனுக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது கை நடுங்கினால் அவன் போலி டிரைவரா? புது டிரைவர். இடதுபக்கத்தில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதாதே, கடைக்காரர் யாரும் "நிறையச் சாமான்" என்று எழுத மாட்டார். "பட்ஜெட் ஷீட் போடத் தெரியாது", "என்னைவிட வயதில் மூத்தவரின் வேலையில் குறை சொல்லத் தெரியவில்லை" என்று உருப்படியாக எழுது. இப்படி எழுதினால் பெரும்பாலும் நாலு வரிக்கு மேல் போகாது. நான் பார்த்த பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் ஒன்பது வரி வந்தது, அவளுக்கு நிஜமாகவே தப்பான வேலையைக் கொடுத்திருந்தார்கள், வேறு டீமுக்கு மாறிக்கொண்டாள். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே.

வலதுபக்கம் எழுதத்தான் உனக்குக் கை வராது. அம்மா வளர்ப்பு. அதற்கு ஒரு வழி, பெருமையாக எழுதாதே, கடைக்காரர் மாதிரி எழுது. தேதி, என்ன நடந்தது, யாருக்கு என்ன மிச்சமானது. "மார்ச் 4, மாதக் கணக்கில் இரட்டிப்பாக ஏறிய பதிவுகளைப் பிடித்தேன், ஃபைனான்ஸுக்கு அனுப்புவதற்கு முன்னால்." அவ்வளவுதான். நன்றாக, அருமையாக என்ற வார்த்தையே வேண்டாம். யாராவது பாராட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர்கள் எழுதியதை அப்படியே பிரதி எடு. அப்ரைசல் நேரத்தில் இந்த நோட்டு தங்கம், அதையும் சொல்லிவைக்கிறேன். வருடக் கடைசியில் என்ன செய்தாய் என்று கேட்டால் நம் ஆட்கள் முழிப்போம், பக்கத்து டீம்காரன் காப்பி மெஷினை ரிப்பேர் செய்ததைக்கூடச் சாதனையாகப் போட்டிருப்பான்.

மீட்டிங்கில் வாய் திறக்காதது பற்றி. இது இம்போஸ்டர் சமாச்சாரமே இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் தமிழில் யோசித்தாய், புகுமுக வகுப்பில் மலாய்க்கு மாறினாய், பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ். மூன்று மொழியில் மாறி மாறி யோசித்தவளுக்கு, வீட்டிலேயே இங்கிலீஷ் பேசி வளர்ந்தவர்கள் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைய ஒரு விநாடி அதிகம் ஆகும். அந்த ஒரு விநாடிக்குள் வேறொருவர் பேசிவிடுவார். அவ்வளவுதான் நடக்கிறது. அதை நீ "எனக்கு விஷயம் தெரியவில்லை" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறாய். வேலை தெரிவது ஒரு தொழில், அதை இங்கிலீஷில் வேகமாகப் பேசுவது இன்னொரு தொழில். எங்கள் ஃபேக்டரியில் நன்றாகப் பேசி லைனை நிறுத்திய ஆட்கள் உண்டு, பேசாமல் ஓட்டிய ஆட்களும் உண்டு.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். மீட்டிங்குக்கு முந்தின நாளே நான் சொல்லப்போகிற ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்வேன், அதில் ஒரு நம்பர் இருக்க வேண்டும். "லாட்டில் மூன்று சதவீதம் விழுகிறது, எல்லாம் நைட் ஷிப்டில்." (லாட் என்றால் சேர்த்து ஓட்டுகிற ஒரு தொகுதி சிப்.) மீட்டிங் ஆரம்பித்து முதல் பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் நேரம் ஆக ஆக நாக்கு ஒட்டிக்கொள்ளும். நம்பரைச் சொன்னால் உச்சரிப்பை யாரும் பார்க்க மாட்டார்கள், நம்பரைத்தான் பார்ப்பார்கள். கேள்வி கேட்டு விடை தெரியாவிட்டால், "இப்போது கையில் இல்லை, நாலு மணிக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு மூன்றரைக்கே அனுப்பிவிடு. தெரியாது என்று சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பி நான் பார்த்ததில்லை. தெரிந்த மாதிரி சொல்லி ஒரு லாட் முழுசையும் குப்பையில் போட வைத்தவரைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ராத்திரி ஒரு மணி ஸ்லைடு. பத்து தடவை பார்ப்பதை நிறுத்து என்றால் உன்னால் நிறுத்த முடியாது, எனக்கே முடியவில்லை. சோதனையாகச் செய். சின்ன வேலையாக ஒன்றை எடுத்துக்கொள், உயிர் போகாத ஒன்று. இரண்டு தடவை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பு. அனுப்புவதற்கு முன்னால் நோட்டில், இதில் எத்தனை தப்பு பிடிப்பார்கள் என்று உன் மனசு சொல்கிற எண்ணிக்கையை எழுது. பத்து என்று சொல்லும். ஒரு வாரம் கழித்து நிஜமாக எத்தனை வந்தது என்று பக்கத்தில் எழுது. பெரும்பாலும் சைபர், இல்லை ஒன்று. ஐந்தாறு தடவை இப்படிச் செய்த பிறகு அந்தப் பயத்தைப் பார்த்து, நீ சொல்வது இதுவரைக்கும் சரியாக வந்ததில்லையே என்று கேட்க உன்னிடம் ஆதாரம் இருக்கும். சும்மா தைரியமாக இரு என்று கண்ணாடி முன்னால் சொல்லிக்கொள்வது எனக்கு ஒரு நாளும் பலித்ததில்லை, நம் ஆட்களுக்கு அதைச் செய்யும்போது சிரிப்புத்தான் வரும்.

உன் பாஸிடமும் ஒன்று கேள். "நான் சரியாகச் செய்கிறேனா" என்று கேட்காதே, "ஓகே லா, டோன்ட் வொர்ரி" என்பார், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ராத்திரி நாலு அர்த்தம் எடுப்பாய். "இந்த வேலைக்கு என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், அடுத்த மூன்று மாதத்தில் நான் எதை மாற்றினால் உங்களுக்கு உதவியாக இருக்கும்" என்று கேள். ஆள் தெரியாமல் கொடுத்துவிட்டார்கள் என்கிறாயே, ஏழு வருடம் உன் வேலையைப் பார்த்தவர்கள் உன்னைத் தெரியாமல் கொடுத்தார்கள் என்றால் அவர்கள் அத்தனை பேரும் முட்டாள்கள் என்று அர்த்தம். நீ உன்னைக் குறைத்துக்கொள்வதாக நினைக்கிறாய், உண்மையில் அவர்களைத்தான் குறைத்துப் பேசுகிறாய்.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாவற்றையும் உன் மனசின் கோளாறாக எடுத்துக்கொள்ளாதே. 2021-ல் ருச்சிகா துல்ஷ்யான், ஜோடி-ஆன் புரே என்ற இரண்டு பெண்கள் இதைப் பற்றி நன்றாக எழுதினார்கள். பெண்களிடம், அதிலும் சிறுபான்மையாக இருப்பவர்களிடம் "உனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம்" என்று சொல்லிச் சரிசெய்யப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர்களை அப்படி உணரவைக்கிற ஆபீஸைச் சரிசெய்யுங்கள் என்றார்கள். எனக்கும் இடையில் கோலாலம்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்த அனுபவம் உண்டு, அங்கே ஒரு மேனேஜர் நான் பேசி முடித்ததும் "இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறாயே, தமிழ்ப்பள்ளியா?" என்று ஆச்சரியப்படுவார். பாராட்டுத்தான். ஆனால் நான் சொன்ன விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டார். நீ பேசினால் கேட்காமல் அதையே இன்னொருவர் சொன்னால் தலையாட்டுகிறார்கள், முக்கியமான மெயிலில் உன்னை மட்டும் சேர்ப்பதில்லை, "கணக்குக்கு ஓர் இந்தியப் பெண் வேண்டும் என்று போட்டார்கள்" என்று காதுபட யாராவது பேசுகிறார்கள் என்றால், அது உன் 555-இல் எழுத வேண்டிய கடன் இல்லை. அது அவர்கள் உனக்குத் தர வேண்டியது. தேதி போட்டு அதையும் எழுது, தனிப் பக்கத்தில். பக்கம் நிறைந்தால் வேறு வேலை பார்.

இந்த எண்ணம் இருப்பவர்கள் வேலையில் மட்டமாகத்தான் இருப்பார்கள் என்பதும் கிடையாது. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருக்கும் பசீமா டெவ்ஃபிக் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எண்ணம் வருகிறவர்கள் மற்றவர்களோடு பழகுவதில், கேட்டுக்கொள்வதில் கொஞ்சம் மேலாகவே மதிப்பிடப்பட்டார்கள், வேலைத் திறமை குறைந்ததாகவும் தெரியவில்லை. இதைக் காரணம் காட்டிப் பயத்தைப் பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டாம். உன் டீமில் இருக்கிற ஆறு பேர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நீயாக முடிவு செய்துகொள்ளாதே என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் ஒன்று. தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறாய், எத்தனை வாரமாக என்று எழுதவில்லை. பல வாரமாகத் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், பிடித்த எதிலும் மனசு ஒட்டாமல், காலையில் எல்ஆர்டி ரயில் ஏறும்போதே நெஞ்சு படபடக்கிறது என்றால் அது இந்தக் கதை இல்லை, வேறு. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், டாக்டரைப் பார், அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி ஹீல் லைன் 15555 இருக்கிறது, மனம்விட்டுப் பேசினால் கேட்டுக்கொள்கிற தன்னார்வலர்கள் பெஃப்ரெண்டர்ஸ் இருக்கிறார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொன்னால், கோயிலுக்கும் போ, டாக்டரிடமும் போ.

எனக்கு இது போய்விட்டதா என்று கேட்பாய். இல்லை. போன மாதம் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள், நான் பேச வேண்டும், காலையில் இரண்டு தடவை டாய்லெட். இருபத்து மூன்று வருடம். ஆனால் முன்பு மாதிரி ஒன்றரை வருடம் நீடிப்பதில்லை, அன்றைக்குச் சாயந்திரமே நோட்டில் எழுதிவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

அந்த அக்கா ஓய்வு பெற்றுப் பாலிக் பூலாவில் இருக்கிறார். சில வருடத்துக்கு முன்னால் நோன்புப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்புக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக அந்தத் தைப்பூச ராத்திரியைச் சொல்லி, நீங்கள் மட்டும் அன்றைக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் காலி என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ரேக்கை அவர் முதல் ஒரு மணி நேரத்திலேயே கவனித்துவிட்டாராம். ஆனால் நான் டிகிரி படித்தவன், எனக்குத் தெரியாததையா தான் சொல்லிவிடப் போகிறோம், சொல்லித் தப்பாகிவிட்டால் எல்லோரும் சிரிப்பார்களே என்று இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றாராம். இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய், எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்பதால் தனியாகச் செய்து வைத்திருந்த கோழி ரெண்டாங் கறியை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.